எட்டாயிரத்து எண்பதாம் கதவு

"உங்க அக்கா இப்ப சிவப்பு வாளியைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறுறா. பாதியில நின்னு மூச்சு வாங்குறா. விலா இன்னும் வலிக்குது போல."

போனில் அந்தக் குரலைக் கேட்டதும் இளையவள் அலுவலக நாற்காலியில் நிமிர்ந்தாள். எதிர் மேசைக்காரர் பிஸ்கெட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சரசரப்பு காதில் அறைவது போல இருந்தது.

"யாரு?" என்றாள். யாரென்று தெரிந்துதான் கேட்டாள்.

"அதுக்குள்ள மறந்துட்டியா பொடிசு? மாமா பேசறேன். இப்ப மேல் படியில இருந்து துடைக்க ஆரம்பிச்சுட்டா. தலையில பச்சைத் துண்டு. எங்க வீட்டுல ஒரு நாளாவது இவ்வளவு சுத்தமா துடைச்சிருப்பாளா?"

"நீங்க எங்க இருக்கீங்க?"

"அதை நான் கேட்கணும். அவ எங்க இருக்கா? நீயா சொல்லிட்டா ரெண்டு அறையோட போயிடும். நானா கண்டுபிடிச்சேன்னா என்ன ஆகும்னு உன் அண்ணன் கையைக் கேளு."

போன் அடங்கியது.

அண்ணன் கைக்கு என்ன ஆனது என்று போன வாரம் நம்மோடு பட்டறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மூத்தவளைக் கட்டியவன் டயர்க்கடைக்காரன். எட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவளுக்கு அவன் கொடுத்தவை உடைந்த இரண்டு விலா எலும்புகளும் கேட்காத ஒரு காதும். ஒரு நாள் அவள் கட்டிய துணியோடு வெளியேறி, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் வந்துவிட்டாள். அவளைத் தேடி வந்த டயர்க்கடைக்காரன், இடத்தைச் சொல்லாத அண்ணனின் இடது கையைப் பட்டறையில் இரும்பைக் கவ்வும் பிடிகருவியில் வைத்து, எலும்பு சத்தம் போடும் வரை முறுக்கினான். அதற்கு முந்தைய நாளே மூத்தவள் வேறு இடம் போய்விட்டிருந்தாள். ஒரு லாண்டரிக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. லாண்டரிக்காரம்மா அண்ணனுக்குத் தெரிந்தவர்.

அந்த இடம் அண்ணனுக்கும் இளையவளுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா வாயில் ரகசியம் தங்காது. ஆனால் அவர் அழுதார். "அவ உயிரோட இருக்கான்னு கண்ணால பார்த்தா போதும்மா" என்று அழுதார்.

அதனால்தான் இளையவள் அந்த ஏற்பாட்டைச் செய்தாள்.

கம்பெனி சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. லாண்டரி மாடிப்படியில் ஒரு கேமராவை மாட்டினாள். பெயர்ப்பலகை விழாமல், வண்டியின் நம்பர் விழாமல், கோணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மாட்டினாள். படிகள், கீழே கம்பிக் கதவு, கதவுக்கு வெளியே கொஞ்சம் தரை. அவ்வளவுதான் தெரியும். அக்காவின் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, அதற்குள் ஒரு கண்டெய்னரில் வெப் சர்வரை ஓடவிட்டாள். படம் அதன் வழியாகப் போகும்.

கண்டெய்னர் என்பது கம்ப்யூட்டருக்குள் அடைத்துவைத்த தனி அறை. உள்ளே இருக்கும் சர்வர் எண்பதாம் எண் கதவில் காத்திருக்கும். வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்தக் கதவு தெரியாது. கம்ப்யூட்டரின் வெளிக்கதவு எது உள்கதவோடு சேரும் என்று நாம்தான் எழுதித் தரவேண்டும். அவள் எட்டாயிரத்து எண்பதை எண்பதோடு சேர்த்தாள். வாசலில் காவல்காரனாக ஃபயர்வாலை நிறுத்தினாள். தன் அலுவலகம், அப்பாவின் வீடு, இந்த இரண்டு இடங்களிலிருந்து வந்தால் மட்டும் விடு, மற்ற எவன் வந்தாலும் கழுத்தைப் பிடித்துத் தள்ளு என்று உத்தரவு போட்டாள்.

இப்போது அந்த உத்தரவைத் திறந்து பார்த்தாள். எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது.

பிறகு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். தன் போனில் அலுவலக வைஃபையை அணைத்தாள். வெறும் மொபைல் இணைப்பில், யாரோ ஒரு அந்நியரைப் போல, அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

ஒரு கேள்வி கேட்காமல் திறந்தது. அக்கா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

கண்டெய்னர் வெளிக்கதவையும் உள்கதவையும் சேர்க்கும்போது தனக்கென்று ஒரு சந்து போட்டுக்கொள்ளும். காவல்காரன் வாசலில் நிற்பான். வருகிறவன் சந்து வழியாகப் போய்விடுவான். அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை அவளேதான் சொல்லிக்கொடுப்பாள். போர்ட்டை, அதாவது கதவு எண்ணை, இணைக்கும்போது உள் முகவரியோடு மட்டும் கட்டிப்போடு, இல்லாவிட்டால் ஊருக்கே திறந்திருக்கும் என்பாள். அக்காவுக்குச் செய்தபோது, இரவு முழுக்க அழுத கண்ணோடு, முகவரி இல்லாமல் வெறும் எண்களை மட்டும் அடித்திருந்தாள்.

அலுவலக மாடிப்படிக்கு வந்து அண்ணனை அழைத்தாள்.

"அண்ணே, அவர் பார்த்துட்டு இருக்கார்."

"எவன்? எதை?"

"மாமா. அக்காவை. இந்த நிமிஷம் பார்த்துட்டு இருக்கார். நான்தான் கதவைத் திறந்து வெச்சிட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ இரும்பு தரையில் விழுந்தது.

"உன் கம்ப்யூட்டரைத் தூக்கி சாக்கடையில போடு."

"மூடினா அவர் வேற வழியில தேட ஆரம்பிச்சிடுவார். இடம் இன்னும் தெரியாது அண்ணே. தெரிஞ்சிருந்தா போன் பண்ணி மிரட்ட மாட்டார். நேரா வந்திருப்பார்."

"அதுக்கு?"

"கதவை மூட வேணாம். உள்ள இருக்கிற அறையை மாத்திடறேன்."

அண்ணனுக்குப் புரிந்ததோ இல்லையோ, கேட்டுக்கொண்டான். வெளியே அதே எண். அதன் பின்னால் வேறொரு கண்டெய்னர். அதற்குள் நேரடிப் படத்துக்குப் பதிலாக ஒரு பழைய பதிவு. பட்டறைக் காவலுக்கென்றுதான் முதலில் அந்தக் கேமராவை வாங்கி, பின்னறையில் வைத்துச் சோதித்தாள். அக்கா ஓடிவந்த முதல் நாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான். அது மீண்டும் மீண்டும் ஓடும். பார்க்கிறவன், இவளைப் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைப்பான்.

"வரட்டும்," என்றான் அண்ணன். குரலில் பசி தெரிந்தது. "ஷட்டரைப் பாதி இறக்கி வெச்சுக் காத்திருக்கேன். ஒரு கை இருந்தாலும் போதும்."

"அண்ணே, அடிதடி வேணாம். போலீஸைக் கூப்பிட்டு உள்ள உட்கார வை."

"உட்கார வெச்சா டீ கேட்பாங்க."

"வாங்கிக் கொடு."

"கொடுக்கறேன். அவன் வந்தப்புறம் அவங்க டீயை மெதுவா குடிச்சா போதும். மீதியை நான் பார்த்துக்கறேன்."

இளையவள் மேசைக்குத் திரும்பி, பழைய பதிவை வெட்டினாள். ஓரத்தில் ஓடும் தேதியை மறைத்தாள். வெளிச்சம் பகல் போல இருக்கிறதா என்று பார்த்தாள். சுவரில் கடிகாரம் தெரிகிறதா என்று பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த கண்டெய்னரை நிறுத்திவிட்டு, அதே எட்டாயிரத்து எண்பதில் புதியதைக் கிளப்பினாள். படம் ஒரு முறை கறுத்து, பட்டறையில் விடிந்தது.

எதிர் மேசைக்காரரிடம் தலைவலி என்று சொன்னாள். "முகமே வெளிறிப் போயிருக்கு, போங்க போங்க," என்றார் அவர். பையில் லேப்டாப்பைத் திணித்துக்கொண்டு இறங்கி ஓடினாள்.

லாண்டரிக்கு அன்று வார விடுமுறை. ஷட்டர் இறங்கியிருந்தது. துணி எடுத்துப் போகும் வேன், கம்பிக் கதவுக்கு முன்னால் ஓரமாக நின்றது. மற்ற நாட்களில் அது பகலில் அங்கே நிற்பதில்லை.

அக்கா வந்து பூட்டைத் திறந்து, அவளை உள்ளே விட்டு மறுபடி பூட்டினாள். தலையில் பச்சைத் துண்டு.

"என்னடி இந்த நேரத்துல? பார்த்து ஏறு, படியெல்லாம் ஈரம்."

மேலே போய், கதவைச் சாத்தி, இளையவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அக்காவின் கை தலைத்துண்டை இழுத்துக் கழுத்தை மூடியது.

"படியில உட்கார்ந்து நான் அழுததை எல்லாம் பார்த்தானா?"

"தெரியல அக்கா."

"எத்தனை நாளா?"

"அதுவும் தெரியல."

அக்கா அறைந்தாள். கன்னத்தில் இடி இறங்கியது போல இருந்தது. இளையவள் சுவரில் மோதி நின்றாள். தாயில்லாத வீட்டில் தன்னை வளர்த்த கை, முதல் தடவையாக அடித்தது. அடித்த கையை அக்காவே வெறித்துப் பார்த்தாள்.

"அவன் அடிக்கிற மாதிரியே அடிச்சிட்டேன்," என்றாள். பிறகு தங்கையை இழுத்து அணைத்துக்கொண்டாள். உடைந்த விலா வலித்திருக்க வேண்டும். விடவில்லை.

"பாதுகாப்புன்னு சொன்னியேடி பொடிசு."

"தப்புதான் அக்கா. இப்ப சரி பண்ணிட்டேன். இங்க பாரு."

லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். கட்டிலில் அக்கா. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் வருகிறான். இடது கையில் செம்பு, வலது கையில் டம்ளர். தண்ணீர் ஊற்றுகிறான். போகிறான். மறுபடி கட்டிலில் அக்கா.

"அவனுக்குச் சந்தேகம் வராதா?"

"தேதியை மறைச்சிட்டேன். கடிகாரம் இல்ல. வெளிச்சம் சரியா இருக்கு."

அக்கா குனிந்து பார்த்தாள். மூன்றாவது சுற்றில் அண்ணன் வந்தபோது அவள் விரல் திரையைத் தொட்டது.

"அண்ணன் கையில கட்டு எங்கடி?"

இளையவளும் குனிந்தாள். திரையில் அண்ணன் இடது கையால் செம்பைத் தூக்கிச் சரித்துக்கொண்டிருந்தான். முழுசான, நல்ல கை. உலகத்தில் யார் கவனிக்காவிட்டாலும், அந்தக் கையை முறுக்கி உடைத்தவன் கவனிப்பான்.

அவள் போன் ஒரு முறை அதிர்ந்தது. மாமாவிடமிருந்து ஒரே வரி.

'அண்ணன் கை அதுக்குள்ள ஆறிடுச்சா?'

கீழே கம்பிக் கதவு அதிர்ந்தது.

இளையவள் அண்ணனை அழைத்தாள். "அண்ணே, இங்க வந்துட்டார், இங்க!" "எங்க?" "லாண்டரிக்கு!" அண்ணன் கத்திய கத்தலில் போன் கரகரத்தது. நாற்காலி விழும் சத்தம், ஓடும் சத்தம். பட்டறையிலிருந்து இங்கே வர வேண்டுமானால் பாதி ஊரைத் தாண்ட வேண்டும்.

அறைக் கதவுக்கு ஒரு பலகைத் தாழ்ப்பாள்தான். ஒரு உதைக்குத் தாங்காது. அக்கா தாழ்ப்பாளைப் போடவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

"அக்கா, உள்ள வா!"

"உள்ளயே இருந்து எட்டு வருஷம் அடி வாங்கியாச்சு."

டயர்க்கடைக்காரன் தன் கடை இரும்பு லீவரைப் பூட்டின் வளையத்துக்குள் விட்டிருந்தான். ரிம்மிலிருந்து டயரைக் கழற்றுவது போல, அவசரமில்லாமல், உடம்பின் எடையை அதன் மேல் சாய்த்தான். பூட்டு பட்டென்று தெறித்துச் சுவரில் அடித்தது. நிமிர்ந்து மேலே பார்த்துச் சிரித்தான்.

"பொடிசு, உன் பட்டறைப் படம் நல்லா இருந்துச்சு. கொஞ்சம் குழம்பித்தான் போனேன். ஆனா உனக்குப் போன் பண்ணி வெச்சதுமே கதவுக்கு வெளிய அரைச் சக்கரம் தெரிஞ்சுச்சு. ஓரம் வெட்டுப்பட்டு இந்த லாண்டரி வேனுக்கு நான் ஒட்டுப் போட்டுக் கொடுத்த டயர். நான் போட்ட டயர் எனக்குத் தெரியாதா? அங்கயா இங்கயான்னு ஒரு சந்தேகம். உன் அண்ணன் கை வந்து தீர்த்து வெச்சிடுச்சு."

"அங்கேயே நில்லு," என்றாள் அக்கா.

"வா, வீட்டுக்குப் போலாம். துணியெல்லாம் எடுக்க வேணாம். அப்படியே வா."

"நில்லுன்னு சொன்னேன்."

"நிக்க வெக்கிற அளவுக்கு வாய் நீண்டு போச்சா? அந்த இன்னொரு காதையும் இன்னிக்கு முடிச்சிடறேன்."

அவன் ஏறினான். லீவர் சுவரில் உரசிக்கொண்டே வந்தது. அக்கா சிவப்பு வாளியைக் காலால் தள்ளினாள்.

லாண்டரியின் சோப்புக் கரைசல், கெட்டியாக, படிப்படியாக வழிந்து இறங்கியது. அவன் கால் வழுக்கியது. கைப்பிடியைப் பிடிக்கப் போன கை நழுவி, முகம் படியின் விளிம்பில் போய் மோதியது. பல் உடைந்த சத்தம் மேலே வரை கேட்டது. நாலு படி சறுக்கி விழுந்து, ரத்தமும் நுரையுமாகத் தலையைத் தூக்கினான்.

இளையவள் அக்காவை உள்ளே இழுக்க ஓடிவந்தாள். அதுதான் தவறு. அவள் காலும் வழுக்கியது. உட்கார்ந்தபடியே சறுக்கி அவன் கைக்கே வந்து சேர்ந்தாள். அவன் அவள் கணுக்காலைப் பற்றி இழுத்தான். ஒவ்வொரு படியிலும் பின்தலை இடித்தது. கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக வெடித்தது. அவள் வலது மணிக்கட்டைப் படியில் வைத்து முழங்காலால் அழுத்தினான். லீவரை ஓங்கினான்.

"இந்தக் கைதானே படம் காட்டுச்சு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. மேலேயிருந்து ஏதோ கனமாக வந்து விழுந்தது. அக்கா, முழு உடம்போடு, அவன் முதுகில்.

மூவரும் உருண்டு கம்பிக் கதவில் மோதினார்கள். லீவர் அவன் கையிலிருந்து எகிறித் தரையில் விழுந்தது. முதலில் எட்டி எடுத்தது அக்கா.

அவள் கத்தவில்லை. திட்டவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது முழங்கையில். அப்புறம் மணிக்கட்டில், காய்ந்த சுள்ளி ஒடிவது போல. அவன் கையைத் தூக்கித் தடுத்தான். தூக்கிய விரல்களில் அடித்தாள். உருண்டு திரும்பினான். இடுப்பில் அடித்தாள், தொடையில் அடித்தாள், முட்டியில் அடித்தாள். மேலிருந்து கீழாக, ஒரு இடம் விடாமல், படி துடைக்கிறவளைப் போல அடித்தாள். முதலில் அவன் கெட்ட வார்த்தைகளாகக் கத்தினான். பிறகு அக்காவின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினான். பிறகு சத்தம் மட்டும் வந்தது. லீவர் இப்போது அவன் தலைக்கு மேலே போனது.

"போதும் அக்கா!" இளையவள் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "செத்துடுவார்!"

"செத்தா?"

நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்பது போலக் கேட்டாள்.

"செத்தா நீ உள்ள போயிடுவ. மறுபடியும் ஒரு கம்பிக் கதவு. உனக்கு அது வேணுமா?"

அக்கா கம்பிக் கதவைப் பார்த்தாள். லீவர் மெல்ல இறங்கியது. ஆனால் அதைக் கீழே போடவில்லை. படியில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள். அவன் தரையில் சுருண்டு முனகினான். ஒரு கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சிவந்த நுரை வேனின் ஒட்டுப் போட்ட சக்கரம் வரை ஓடியிருந்தது.

இளையவள் தன் பின்தலையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் ஈரமாக வந்தது. சோப்பா ரத்தமா என்று பார்க்கப் பயந்து, உடையில் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவனுடைய போன் கண்ணில் பட்டது. மூன்றாவது படியில், கண்ணாடி விரிசல் விட்டு, நுரைக்குள் கிடந்தது. திரையில் இன்னும் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் அக்கா. தண்ணீர் கொண்டுவரும் அண்ணன்.

அந்தப் பக்கத்தின் முகவரியை இவனுக்கு யார் கொடுத்தது?

காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் இதை அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. கதவு திறந்திருந்தது அவள் தவறு. ஆனால் திறந்த கதவு எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தானே ஒருவன் வந்து நிற்க முடியும்? முகவரியும் எண்ணும் அண்ணனுக்குக்கூடத் தெரியாது. அவன் அதைக் கேட்டதே இல்லை.

போன் அதிர்ந்தது. படம் மறைந்து, அழைப்பவரின் பெயர் வந்தது.

மாமனார்.

அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"மாப்ள? போய்ச் சேர்ந்துட்டீங்களா?" பழக்கமான இருமல். "அந்தப் படம் இப்ப பட்டறையைக் காட்டுதே, ஒண்ணும் புரியல. பாருங்க, அடிக்க மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கீங்க. பேசிக் கூட்டிட்டு வாங்க. ஊர் வாயை என்னால அடைக்க முடியல மாப்ள."

தெருக்கோடியில் அண்ணனின் வண்டிச் சத்தம் கேட்டது. அதன் பின்னால் இன்னொரு வண்டி, சைரனோடு.

"யாருடி அது?" என்றாள் அக்கா. கேட்காத காது இந்தப் பக்கம் இருந்தது.

இளையவள் ஒரு கணம் அந்தப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். துண்டித்துவிடலாம். நுரைக்குள் போட்டு மிதித்துவிடலாம். அக்காவுக்கு ஒரு அப்பா மிஞ்சுவார். அந்த அப்பா நாளைக்கே, அக்கா எங்கே இருக்கிறாள் என்று அழுதுகொண்டே கேட்பார்.

அவள் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"மாப்ள? கேட்குதா?" அப்பாவின் குரல் ஈரப் படிகளில் ஏறியது. "வர மாட்டேன்னு அடம் பிடிச்சா, உங்கப்பாதான் என்னை அனுப்பினாருன்னு அவகிட்ட சொல்லுங்க."

அக்காவின் மடியில் கிடந்த லீவரை அவள் விரல்கள் மறுபடி இறுக்கிப் பிடித்தன.